ஜப்பானில் அடிமை முறையே இருந்ததில்லை என்பது உண்மையா?

பொருநைக்கரையான்:
வணக்கம். உலக நாடுகளின் அடிமை ஒழிப்புச் சட்டங்களைப் பற்றிய இழையில் ஒருவர், "ஜப்பான் விதிவிலக்கு, அங்கே அடிமை முறை இருந்ததே இல்லை, அதனால்தான் ஒழிப்புச் சட்டமும் தேவைப்படவில்லை" என்று எழுதியிருந்தார். பலரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அது நெருடிக்கொண்டே இருக்கிறது. யோஷிவாரா என்ற விலைமாதர் பகுதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் சுரங்கங்களில் அடைத்து வேலை வாங்கியதைப் படித்திருக்கிறேன். இவற்றையெல்லாம் எந்தக் கணக்கில் வைப்பது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வெண்ணாரை:
அந்தக் கருத்தில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1587-இல் ஜப்பானை ஆண்ட ஹிடேயோஷி, ஏசு சபைத் தலைவர் காஸ்பர் கொயேலோவிடம், "போர்த்துக்கீசியர்கள் எங்கள் மக்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றுவது ஏன்?" என்று நேரடியாகக் கேட்டார். வெளிநாட்டாருக்கு ஆள் விற்பதற்குத் தடையும் போட்டார். ஐரோப்பிய அரசர்கள் ஆப்பிரிக்கக் கரையில் செய்துகொண்டிருந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் அடிமைகளை இறக்குமதி செய்து தோட்டங்களில் நிறுத்திய வரலாறு ஜப்பானுக்கு இல்லை.

நெய்தல்நிலா:
ஹிடேயோஷி கேட்ட கேள்வி உண்மை. ஆனால் அந்த ஆட்களைப் போர்த்துக்கீசியருக்கு விற்றவர்கள் யார்? உள்நாட்டுப் போர்களில் தோற்ற ஊர்களிலிருந்து ஆண்களையும் பெண்களையும் பிடித்து வருவது அன்றைய படைகளுக்கு வழக்கமான கொள்ளை. கூலியில்லாத படைவீரனுக்கு அதுதான் கூலி. அப்படிப் பிடித்து வந்தவர்கள்தான் தெற்கே உள்ள கியூஷூ தீவின் துறைமுகங்களில் கைமாறினார்கள்.

கேள்வி கேட்ட அதே ஹிடேயோஷி ஐந்தே ஆண்டுகளில், 1592-இல், கொரியாவின் மீது படையை அனுப்பினார். 1597-இல் நடந்த இரண்டாம் படையெடுப்பில் ஒரு பிரபுவின் படையோடு கெய்னென் என்ற பௌத்தத் துறவி சென்றார். அவருடைய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. கொரியாவின் உல்சானில் கோட்டை எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் அவர் பார்த்ததை எழுதியிருக்கிறார். படைக்குப் பின்னாலேயே ஆள் வாங்கும் வணிகர்கள் வருகிறார்கள். ஆண், பெண், முதியவர், சிறுவர் என்று பாராமல் வாங்குகிறார்கள். கழுத்தில் கயிறு கட்டி வரிசையாகப் பிணைத்து முன்னால் நடக்க விடுகிறார்கள். நடக்க முடியாதவரைப் பின்னாலிருந்து கோலால் அடிக்கிறார்கள். நரகத்தில் பாவிகளை வதைப்பதும் இப்படித்தான் இருக்கும் என்று அந்தத் துறவிக்குத் தோன்றியது. இதை எழுதியவர் எதிரி நாட்டுக்காரர் அல்ல. ஜப்பானியப் படையோடு சென்ற ஜப்பானியர்.

அதே காலத்தில் நாகசாகிக்கு வந்த பிரான்செஸ்கோ கார்லெத்தி என்ற புளோரன்ஸ் வணிகர் ஐந்து கொரியர்களை மிக மலிவாக வாங்கியதைத் தானே பதிவு செய்திருக்கிறார். அவர்களைக் கோவா வரை கொண்டுவந்து விடுவித்தார். ஒருவரை மட்டும் இத்தாலிக்கு அழைத்துச் சென்றார்.

பழங்காலத்துக்கும் சான்று உண்டு. 701-இல் வந்த தாய்ஹோ சட்டத்தொகுப்பு, குடிமக்களுக்குக் கீழே ஐந்து தாழ்ந்த வகுப்புகளை வகுத்தது. அதன் கடைசிப் படியில் இருந்தவர்களைச் சொத்தைப்போல விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். தோதாய்ஜி கோயிலுக்கு வழங்கப்பட்ட அடிமைகளின் பட்டியல் இன்னும் ஏட்டில் இருக்கிறது. அந்த முறை 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் மங்கிவிட்டது. ஆனால் "இருந்ததே இல்லை" என்பதற்கு இடமில்லை.

வெண்ணாரை:
பழங்காலத்தையும் போர்க்காலத்தையும் விடுங்கள், சகோதரி. அவை எல்லா நாட்டிலும் உண்டு. ஹிடேயோஷிக்குப் பிறகு வந்த தோக்குகாவா ஆட்சி தொடக்கத்திலேயே ஆள் விற்பனையைத் தடை செய்துவிட்டது. ஆள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை இருந்தது. அதற்குப் பிறகு இருந்தது கால ஒப்பந்த ஊழியம். இத்தனை ஆண்டு என்ற கெடு உண்டு, கூலி உண்டு. அதைப் போய் அடிமைத்தனம் என்றால் சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

செங்காந்தள்:
கெடு இருந்தது என்கிறீர்கள். கெடு முடிந்து வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்?

நெய்தல்நிலா:
செங்காந்தளின் கேள்விதான் என் கேள்வியும். ஐயா, கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தோக்குகாவா சட்டம் தடுத்தது நிரந்தர விற்பனையை மட்டும்தான். முன்பணத்தை அது தொடவில்லை. எல்லாச் சங்கிலியும் அந்த முன்பணத்தில்தான் தொடங்குகிறது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் வரி கட்ட வழியில்லாத குடியானவன் தரகரிடம் பணம் வாங்குகிறான். தாளில் முத்திரை குத்துபவன் தகப்பன். அந்தக் கடனை உழைத்துக் கழிக்க வேண்டியவள் மகள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரின் யோஷிவாராவுக்கு 1617-இல் அரசே அனுமதி கொடுத்தது. 1657 பெருந்தீக்குப் பிறகு அதை நகரத்துக்கு வெளியே, அசாகுசாவுக்கு அப்பால் மாற்றினார்கள். சுற்றிலும் அகழி, வாசல் ஒன்றே ஒன்று. தாளில் பத்தாண்டு என்றிருக்கும். ஆனால் உடுத்தும் கிமோனோவுக்கும் படுக்கைக்கும் பணிப்பெண்ணுக்கும் ஆகும் செலவு அவள் கணக்கில்தான் ஏறும். நோயில் படுத்த நாளும் கடனாகும். அவள் ஒப்பந்தப்படி உழைத்துக்கொண்டே இருப்பாள், கடனும் வளர்ந்துகொண்டே இருக்கும். கெடு வருவதற்குள் இறந்தவர்களைக் கேட்க ஆளில்லை. மினோவாவில் உள்ள ஜோகான்ஜி கோயிலில் அப்படிக் கொண்டுவந்து போடப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர் என்பார்கள். உரிமை கோர யாரும் இல்லாத பிணங்களை வீசிவிட்டுப் போகும் கோயில் என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இது அடிமைத்தனமா இல்லையா என்ற இதே விவாதம் நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது. 1872 ஜூலையில் மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் புயலில் அடிபட்டு யோகோஹாமா துறைமுகத்துக்கு வந்தது. மக்காவில் ஒப்பந்தம் எழுதி வாங்கிய சீனக் கூலிகள் 230 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். ஒருவன் இரவில் கடலில் குதித்து நீந்திப் பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை எட்டினான். செய்தி வெளியே வந்தது அப்படித்தான். வெளியுறவு அமைச்சர் சோயேஜிமா விசாரணைக்கு உத்தரவிட்டார். கனகாவா மாகாண அதிகாரி ஓயே தாகு வழக்கை விசாரித்தார். பெருவுக்கும் ஜப்பானுக்கும் அப்போது உடன்படிக்கைகூட இல்லை. தலையிட்டால் வம்பு வரும் என்று அரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஓயே பின்வாங்கவில்லை. கூலிகளைப் பிடித்து வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். சீனர்கள் ஊர் திரும்பினார்கள். பெரு நஷ்ட ஈடு கேட்டது. நடுவராக இருந்த ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் 1875-இல் ஜப்பானின் பக்கம் நின்றார்.

இந்த வழக்கில் கப்பல் தலைவனுக்காக வாதாடிய ஆங்கிலேய வழக்கறிஞர் டிக்கின்ஸ், யோஷிவாரா வகைப் பெண்களின் ஒப்பந்தத்தை எடுத்து நீதிமன்றத்தின் முன் வைத்தார். உங்கள் நாட்டிலேயே இதைவிடக் கொடிய ஒப்பந்தத்தை உங்கள் சட்டம் ஏற்கிறது. சீனக் கூலியின் ஒப்பந்தம் மட்டும் செல்லாது என்று எப்படிச் சொல்வீர்கள் என்பதுதான் அவருடைய வாதம். அவர் யாருக்காகப் பேசினார் என்பது வேறு. அந்த வாதத்துக்கு ஜப்பானிய அரசால் விடை சொல்ல முடியவில்லை. அதனால் அந்த ஆண்டே அரசு ஆணை வந்தது: பாலியல் தொழிலில் கட்டுண்ட பெண்களும் கெய்ஷாக்களும் விடுதலை. நீதித்துறையின் விளக்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. இந்தப் பெண்கள் மனித உரிமையை இழந்தவர்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் ஒப்பானவர்கள். மாட்டிடம் கடனைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வழியில்லை என்றது. விடுதலை கொடுக்கிற ஆணையே அவர்களை மாடு என்றுதான் குறிப்பிட்டது. ஆனால் ஐயா, அடிமைகள் இல்லாத நாட்டுக்கு இப்படி ஓர் ஆணை எதற்கு?

தமிழ்ச்செம்மல்:
விடுதலை ஆணை வந்ததோடு முடிந்துவிட்டதா? 1872-க்குப் பிறகும் யோஷிவாரா இருந்ததே.

நெய்தல்நிலா:
முடியவில்லை. அடுத்த ஆண்டிலேயே வாடகை அறை என்ற பெயரில் விடுதிகள் திறந்துகொண்டன. பெண் தன் விருப்பத்தில் தொழில் செய்கிறாள், விடுதிக்காரர் அறையை மட்டும் வாடகைக்கு விடுகிறார் என்பது புதிய ஏற்பாடு. முன்பணம் அப்படியே இருந்தது. 1900-இல் உச்ச நீதிமன்றம், உடலைப் பிணைக்கும் ஒப்பந்தம் செல்லாது, ஆனால் கடன் செல்லும் என்று பிரித்துச் சொன்னது. பெண் வெளியே போகலாம். தகப்பனின் நிலமும் வீடும் கடனுக்குப் போய்விடும். எந்த மகள் போவாள்? அந்தக் கடனும் சேர்ந்தே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1955 அக்டோபரில். இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே 55 ஆண்டுகள்.

செங்காந்தள்:
வெண்ணாரை ஐயா தோட்டங்கள் இல்லை என்று எழுதியிருந்தார். அமாமித் தீவுகளை மறந்துவிடக் கூடாது. கியூஷூவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவுகளை 1609-இல் சட்சுமா பிரபுக்கள் கைப்பற்றினார்கள். நெல் வயல்களைக் கரும்புக்கு மாற்றி, வரியைக் கரும்புச் சர்க்கரையாகவே வாங்கினார்கள். 1830-களில் அதுவும் இறுகியது. விளைந்த சர்க்கரை முழுவதையும் சட்சுமாவே எடுத்துக்கொள்ளும். வெளியே விற்றால் மரண தண்டனை. தீவில் நாணயப் புழக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். அரிசிக்கும் துணிக்கும் சட்சுமாவின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும், அவர்கள் வைத்த விலையில்.

குறித்த அளவு சர்க்கரை கொடுக்க முடியாத குடும்பம் பணக்கார வீட்டில் கடன் வாங்கி, தன்னையே ஈடாகக் கொடுத்தது. இவர்களுக்கு யாஞ்சு என்று பெயர். ஆளின் விலையும் சர்க்கரை எடையில்தான். யாஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தை ஆயுள் முழுவதும் எஜமானுக்குச் சொந்தம். தீவு மக்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேர் இந்த நிலைக்கு வந்தார்கள். பின்னாளில் தோக்குகாவா ஆட்சியைக் கவிழ்த்த மெய்ஜி மாற்றத்தை முன்னின்று நடத்திய சட்சுமாவின் கருவூலத்தை மீட்டது இந்தச் சர்க்கரைப் பணம். புதிய ஜப்பானின் பிறப்பைப் பாராட்டி எழுதுகிறவர்கள் அமாமியை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

வெண்ணாரை:
அமாமி கொடுமையானது, அதில் மறுப்பில்லை. ஆனால் அது ஒரு மூலையில் இருந்த தீவு. மெய்ஜி அரசு வந்த பிறகு சட்டத்தின் ஆட்சி வந்தது. நெசவாலைப் பெண்களுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் இருந்தது வறுமைதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஆலைகளிலும் இதே நிலைதான்.

நெய்தல்நிலா:
பட்டாலைப் பெண்களைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுவேன். அங்கும் தகப்பனே ஒப்பந்தம் எழுதினான், முன்பணமும் உண்டு. ஆனால் 1886-இல் கோஃபு நகரத்து ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். யோஷிவாராப் பெண் அப்படிச் செய்ய முடியாது. அந்த வேறுபாடு முக்கியம்.

ஆனால் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவை என்ன சொல்வீர்கள்? 1880-களில் அங்கே பெரிய சிறைகளைத் திறந்தது மெய்ஜி அரசு. காடு வெட்ட, நிலக்கரி தோண்ட, சாலை போட ஆள் தேவை. 1885-இல் அந்தத் தீவைச் சுற்றிப் பார்த்த கனேகோ கெந்தாரோ கொடுத்த அறிக்கையின் சாரம் இது: கைதிகள் கொடியவர்கள்; சாதாரணத் தொழிலாளி தாங்காத வேலையில் இவர்களைப் போடலாம்; செத்தால் சிறைச்செலவு குறையும். இந்தக் கனேகோதான் பிறகு மெய்ஜி அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் ஒருவர். சட்டத்தின் ஆட்சி என்று நீங்கள் சொன்னதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

1891-இல் அபாஷிரியிலிருந்து தீவின் நடுப்பகுதியை நோக்கிக் காட்டுக்குள் சாலை வெட்ட 1,100-க்கும் மேற்பட்ட கைதிகளை அனுப்பினார்கள். பனிக்காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இரவிலும் வேலை. காய்கறி இல்லாத உணவு, கால் வீங்கும் பெரிபெரி நோய். அந்த ஓராண்டுக்குள் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாலையோரத்தில் மண்ணைத் தள்ளி மூடிய மேடுகளைப் பின்னாளில் தோண்டியபோது எலும்போடு இரும்புச் சங்கிலியும் வந்தது. ஊரார் அவற்றைச் சங்கிலி மேடுகள் என்றே அழைக்கிறார்கள்.

1894-இல் கைதிகளை வெளிவேலைக்கு அனுப்புவது நின்றது. அந்த இடத்துக்கு வந்தது தாகோபேயா என்ற பூட்டிய கொட்டடி. நகரத்தில் வேலை தேடி அலைகிறவனுக்குச் சாப்பாடும் சாராயமும் வாங்கிக் கொடுத்து, முன்பணத்தில் கையெழுத்து வாங்கி ஹொக்கைடோவுக்கு ரயிலேற்றுவார்கள். இரவில் வெளியே பூட்டு. தப்பி ஓடிப் பிடிபட்டால் எல்லோர் முன்னாலும் அடி. ஜோமோன் ரயில் சுரங்கப்பாதை வெறும் 507 மீட்டர். 1912-க்கும் 1914-க்கும் நடுவில் இப்படிப்பட்டவர்களைக் கொண்டு குடைந்தார்கள். செத்தவர்களைச் சுவருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் நெடுங்காலமாகப் பேசிக்கொண்டார்கள். கட்டுக்கதை என்று தள்ளியவர்களும் உண்டு. 1968 நிலநடுக்கத்தில் சுவர் விரிசல் விட்டது. 1970-இல் பழுது பார்க்கச் செங்கல்லைப் பெயர்த்தபோது உள்ளே மனித எலும்பு இருந்தது.

கிள்ளான் மணி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஜப்பானுக்குள் நடந்ததை நீங்கள் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். எங்கள் தாத்தா காலத்துத் தோட்ட மக்களுக்கு இது நேரில் வந்த கதை. சயாம் மரண ரயில் என்று சொன்னால் இங்கே விளக்கம் வேண்டியதில்லை.

1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில்தான் ஆள் எடுக்க வந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று கங்காணிகள் மூலமாகச் சொன்னார்கள். முதலில் நம்பிப் போனவர்கள் உண்டு. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை என்றதும் யாரும் முன்வரவில்லை. அதன் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகையில் கூட்டி, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதையை இங்கே பழைய ஆட்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். என் தாத்தாவின் அண்ணன் ஒருவர் போனார். திரும்பவில்லை.

அந்த ரயில் பாதை சயாமின் (இன்றைய தாய்லாந்து) பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. போர்க்கைதிகள் ஏறத்தாழ 61,000 பேரில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளைப் பொறுத்தவரை கணக்கே வேறு: ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் போனார்கள், இறந்தவர்கள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லோரும் இதில் அடக்கம். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. போர்க்கைதிகளின் முகாமில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று உத்தரவு போட அதிகாரிகள் இருந்தார்கள். இறந்தவனின் பெயரை ஒளித்து வைத்தாவது எழுதிய ஆட்கள் இருந்தார்கள். எங்கள் மக்களுக்கு எதுவும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது ஓலைக் கொட்டகையில் படுத்தவர்கள் படுத்தபடியே போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 6,982 பேருக்கு. தமிழனுக்கு ஒரு பலகை வைக்க 2023 வரை ஆனது. அந்த ஆண்டுதான் அங்கே ஒரு நடுகல் எழுந்தது.

வெண்ணாரை ஐயா, அடிமைத்தனம் என்ற சொல்லைப் பெரிதாக்குகிறோம் என்கிறீர்கள். கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதற்கு நீங்கள் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

வெண்ணாரை:
மணி ஐயா, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததற்கு என் அனுதாபம். அதைக் கட்டாய உழைப்பு என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. போர்க்குற்றம் என்றும் சொல்வேன். என் நிலைப்பாடு இதுதான்: ஒரு ராணுவம் மூன்று ஆண்டுகள் செய்ததை ஒரு சமூகத்தின் ஆயிரம் ஆண்டு வழக்கத்தோடு ஒரே கயிற்றில் கட்டக் கூடாது. போருக்குப் பிந்தைய உடன்படிக்கைகளில் நஷ்ட ஈடும் பேசி முடிக்கப்பட்டது.

நெய்தல்நிலா:
ராணுவம் மட்டும் செய்ததல்ல. 1942 நவம்பரில் சீனத் தொழிலாளிகளைக் கொண்டுவர முடிவெடுத்தது அமைச்சரவை. 38,935 பேரைக் கொண்டுவந்து 135 இடங்களில் வேலை வாங்கியவை சுரங்கம், கட்டுமானம், துறைமுகம் நடத்திய தனியார் நிறுவனங்கள். 6,830 பேர் இறந்தார்கள். இந்த எண்கள் போர் முடிந்ததும் ஜப்பானிய அரசே தொகுத்தவை. அகிதாவின் ஹனவோகாவில் பட்டினி தாங்காமல் 1945 ஜூன் 30 இரவு சீனர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பிடிபட்டவர்களைக் கைகளைப் பின்னால் கட்டி ஊர் நடுவே வெயிலில் உட்கார வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 986 பேரில் 400-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

லியு லியான்ரென் என்ற ஷான்டோங் விவசாயியைப் பற்றியும் படியுங்கள். 1944-இல் பிடித்து ஹொக்கைடோ சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். 1945 கோடையில் தப்பி மலைக்குள் ஓடினார். சில நாட்களில் போர் முடிந்தது. அவருக்குச் சொல்ல ஆளில்லை. பனிக்காலத்தில் மண்ணில் குழி தோண்டிப் படுத்து, கடற்பாசியும் காட்டுக் கீரையும் தின்று 13 ஆண்டுகள் ஒளிந்திருந்தார். 1958-இல் ஒரு வேட்டைக்காரர் கண்டுபிடித்தார். அதிகாரிகள் அவரிடம் முதலில் கேட்டது, சட்டவிரோதமாக நாட்டில் தங்கியிருக்கிறாயா என்று. 2001-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2 கோடி யென் தர உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். 2005-இல் மேல் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

ஆயிரம் ஆண்டு வழக்கத்தோடு கட்ட வேண்டாம் என்கிறீர்கள். நான் சமூகத்தைக் கட்டவில்லை, வழிமுறையைத்தான் சொல்கிறேன். தரகர், முன்பணம், பூட்டிய கொட்டடி. யோஷிவாராவில் பார்த்ததைத் தாகோபேயாவில் பார்க்கிறோம். கொரியர்களை அடைத்த கொட்டடிகளிலும் அதே மேற்பார்வையாளர்கள்தான் தடியோடு நின்றார்கள்.

தமிழ்ச்செம்மல்:
இன்றைய நிலை என்ன? பயிற்சி பெறுவோர் என்ற பெயரில் வியட்நாமியரை அழைக்கிறார்களே.

செங்காந்தள்:
1993-இல் தொடங்கிய திட்டம். தரகருக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார்கள். ஜப்பானிய அரசின் 2022 ஆய்விலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் கடனோடு வந்தவர்கள் என்று இருக்கிறது. வேலை கொடுத்த இடத்தை விட்டு மாற முடியாது. எனவே அடி வாங்கினாலும் கடன் தீரும் வரை பொறுத்துக்கொள்கிறார்கள். 2024-இல் இதற்கு மாற்றாகப் புதிய சட்டம் நிறைவேறியது. 2027-இல் நடைமுறைக்கு வர வேண்டும். நிபந்தனையோடு இடம் மாறலாம் என்கிறது. தரகுக் கடனை அது எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதை அடிமைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்காணிக்க வேண்டிய இடம் எது என்று வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கிள்ளான் மணி:
நஷ்ட ஈடு பேசி முடிக்கப்பட்டது என்று வெண்ணாரை ஐயா எழுதியதற்கு ஒரு விவரம். 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் செய்த ஒப்பந்தத்தில் கிடைத்தது 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்புக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள். ரயில் பாதையில் செத்தவனின் மனைவிக்கோ பிள்ளைக்கோ அதிலிருந்து ஒரு காசு வரவில்லை.

பெயர்ப்பட்டியல் இல்லாததுதான் எங்களுக்கு இன்றும் தடை. உங்கள் வீட்டில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரோடு போனார் என்று தெரிந்ததை எழுதி வையுங்கள். ஜப்பானியர் கொடுத்த வாழைமரம் அச்சிட்ட நோட்டு, பழைய படம், தோட்டத்துச் சம்பளத் துண்டு எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். முதியவர்கள் இருந்தால் இப்போதே பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். சேர்த்து வைக்கத் தனி இழை தொடங்குகிறேன்.

பொருநைக்கரையான்:
தொடங்குங்கள் ஐயா. தமிழ்நாட்டில் இருப்பவர்களும் எழுதலாம் என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். மலாயாவுக்குப் போன தாத்தாவிடமிருந்து 1942-க்குப் பிறகு கடிதமே வரவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் இங்கும் இருக்கின்றன.